எல்லோருக்கும் ஒரே மூளைதானா? ஒரு நூறாண்டு ஆராய்ச்சியின் கதை

நம் பிள்ளைகள் பன்னாட்டுக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்ததும் அரை நாள் வகுப்பு ஒன்று எடுக்கிறார்களாம். ஜெர்மன்காரரிடம் சுற்றி வளைக்காமல் பேச வேண்டும், ஜப்பான்காரர் 'யோசிக்கிறேன்' என்றால் அதற்கு 'வேண்டாம்' என்றும் பொருள் இருக்கலாம், இப்படிப் பட்டியல் போட்டுச் சொல்லிக் கொடுப்பார்களாம். நம்மைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு வகுப்பு உண்டு. 'இந்தியர் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். தலையை ஆட்டுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்பது அதில் முதல் பாடமாம். என் பேத்தி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. 'வேறு நாட்டு மனிதன் வேறு விதமாகச் சிந்திக்கிறானா?' என்ற கேள்விக்குப் பெரிய பெரிய அறிஞர்கள் பதில் தேடியிருக்கிறார்கள். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, ஆங்கிலத்தில் கோப்பு எழுதி, தமிழில் பொதுமக்களுக்குப் பதில் சொல்லி ஓய்வு பெற்ற குமாஸ்தா. மூன்று பாஷைகளுக்கு நடுவில் காலம் தள்ளியவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் ஓர் ஆர்வம். படித்ததைச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

பாரிஸ் பேராசிரியரின் முடிவு

லூசியன் லெவி-ப்ருல் என்பவர் பாரிஸ் சொர்போன் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 1910-இல் 'கீழ்நிலைச் சமுதாயங்களில் மனத்தின் செயல்பாடுகள்' என்ற பொருள்படும் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பே நமக்கு உறுத்தும். 1922-இல் 'ஆதி மனிதரின் மனப்பாங்கு' பற்றி இன்னொன்று வந்தது. ஐரோப்பியர் அல்லாத பல சமூகங்களின் சிந்தனை தர்க்கத்துக்கு முந்தைய நிலையில் இருக்கிறது என்பது அவர் கட்சி. தாங்கள் சிவப்புக் கிளிகள் என்று பிரேசில் நாட்டு பொரோரோ மக்கள் சொல்வதாக ஒரு ஜெர்மானியப் பயணி எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் மனிதனாகவும் கிளியாகவும் இருக்க முடியும் என்று நினைப்பவருக்கு முரண்பாடு என்பது உறைக்காது என்று லெவி-ப்ருல் வாதித்தார்.

அவர் அந்த மக்களோடு தங்கி ஆராய்ந்தவர் அல்லர். பாதிரிமார்களும் பயணிகளும் எழுதிய குறிப்புகளைப் படித்து எழுதியவர். கெட்ட எண்ணம் கொண்டவரும் அல்லர். அவர்கள் முட்டாள்கள் என்று அவர் சொல்லவில்லை, வேறு விதி கொண்ட சிந்தனை என்றார். ஆனால் அது குடியேற்ற நாடுகளின் காலம். 'வேறு விதி' என்று படித்தவர்களில் பலர் 'விதியே இல்லை' என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அவருடைய கடைசிக் காலம். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1938-39-இல், தம் குறிப்பேடுகளில் தம் கொள்கையைத் தாமே திரும்பிப் பரிசீலித்தார். 'தர்க்கத்துக்கு முந்தைய' என்ற சொல்லையே கைவிட்டார். அத்தகைய சிந்தனை ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று, எல்லா மனித மனத்திலும் கொஞ்சம் உண்டு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1939-இல் காலமானார். குறிப்பேடுகள் 1949-இல்தான் அச்சாயின. அதற்குள் பழைய புத்தகங்கள் உலகம் முழுவதும் போய்விட்டிருந்தன.

நேரில் போய்ப் பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். இவான்ஸ்-பிரிச்சார்ட் என்ற ஆங்கிலேயர் சூடான் பகுதியில் அசாண்டே மக்களிடையே தங்கி, 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே தானியக் களஞ்சியத்தைக் கால்கள் நட்டு உயர்த்திக் கட்டுவார்கள். வெயிலுக்கு அதன் அடியில் ஆட்கள் உட்காருவார்கள். களஞ்சியம் சரிந்து ஒருவர் மேல் விழுந்தால் சூனியம் என்பார்கள். கால்களைக் கரையான் அரித்தது அவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் அது விழுந்த அந்த நேரத்தில் குறிப்பாக இந்த மனிதர் ஏன் அதன் கீழே இருந்தார் என்பதே அவர்கள் கேள்வி. நம் வீட்டில் விபத்து நடந்தால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்பதோடு நாமும் நிறுத்துகிறோமா? 'நேரம் சரியில்லை' என்றும் சொல்கிறோம் அல்லவா?

கரடிக்கு என்ன நிறம்?

அடுத்த கதை ரஷ்யாவிலிருந்து. அலெக்சாந்தர் லூரியா என்ற இளம் உளவியலாளர் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் போனார். பள்ளிக்கூடம் போகாத விவசாயிகளிடம் சில கேள்விகள் கேட்டார். அதில் ஒன்று: பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடிகள் என்ன நிறம்?

பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். தான் பார்த்தது கறுப்புக் கரடி, பார்க்காத ஊரைப் பற்றித் தான் பேசுவதில்லை, போய் வந்தவரைக் கேளுங்கள் என்கிற மாதிரி பதில்கள் வந்தன. சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை நான்கின் படத்தைக் காட்டி, சேராதது எது என்று கேட்டால், எல்லாம் சேர்ந்ததுதான், கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். கொஞ்ச காலம் பள்ளியில் படித்தவர்களோ 'மூன்று கருவி, ஒன்று கட்டை' என்று சுலபமாகப் பிரித்தார்கள்.

லூரியாவின் முடிவு என்னவென்றால், இது இனத்தைப் பொறுத்தது அன்று, வாழ்க்கை முறையையும் படிப்பையும் பொறுத்தது. லெவி-ப்ருல் கூற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அன்றைய சோவியத் ஆட்சியில், உஸ்பெக் விவசாயிகளைக் குறைத்துப் பேசுவதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஆராய்ச்சி முடங்கியது. ஏறக்குறைய 40 வருடம் கழித்து, 1974-இல்தான் புத்தகமாக வந்தது.

அந்த விவசாயியின் பதிலை நான் ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பார்க்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லமாட்டேன் என்கிறார். கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் ஏறினால் அவரைப் போல நல்ல சாட்சி கிடையாது! அதே மனிதர் பரீட்சை எழுதினால் ஃபெயில். முன்பின் தெரியாத ஒருவர், கூட்டுப்பண்ணை என்று நிலம் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்குள் வந்து கேள்வி கேட்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சமயத்தில் யாரும் அளந்துதான் பேசுவார்கள்.

இதை இன்னும் தெளிவாக்கியவர்கள் சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் வாய் என்ற மக்கள் உண்டு. அவர்களுக்குச் சொந்த எழுத்து இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாமலே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, கடிதமும் கணக்கும் எழுதுகிறார்கள். இந்த எழுத்தை மட்டும் அறிந்தவர்களுக்குப் பொதுவாகச் சிந்தனை மாறிவிடவில்லை, கரடிப் புதிர் போன்றவற்றில் தேறியவர்கள் பள்ளிக்குப் போனவர்களே என்று 1981-இல் எழுதினார்கள். அதாவது, நாம் அறிவு என்று நினைப்பதில் ஒரு பகுதி, வாத்தியார் கேட்கும் கேள்விக்கு வாத்தியாருக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லும் பழக்கம்.

நேர்கோடும் சுருளும்

எனக்கு அந்தப் பழக்கம் பிரெஞ்சுப் பள்ளியில் வந்தது. 'திசெர்த்தாசியோன்' என்று ஒரு கட்டுரை முறை. முதல் பகுதியில் ஒரு கருத்தை நிறுவ வேண்டும். இரண்டாம் பகுதியில் அதை மறுக்க வேண்டும். மூன்றாவதில் இரண்டையும் இணைக்க வேண்டும். உத்தியோகத்துக்கு வந்த பிறகு ஆங்கிலத்தில் நோட்டிங் எழுதும்போது, இரண்டாம் பகுதிக்கு வருவதற்குள் மேலதிகாரிக்குப் பொறுமை போய்விடும். 'என்னய்யா, வேணும்ங்கிறியா, வேணாம்ங்கிறியா?' என்பார். ஆங்கில நோட்டிங்கில் ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும்.

ராபர்ட் கேப்லன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966-இல் இதைப் படமாகவே வரைந்துவிட்டார். ஆங்கிலேயர் எழுதும் பத்தி நேர்கோடு. கிழக்கு நாட்டவருடையது உள்ளே சுழலும் சுருள். பிரெஞ்சு, ஸ்பானிய மொழிக்காரர்களுடையது அங்கங்கே திரும்பும் கோணல் கோடு. வெளிநாட்டு மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பார்த்து அவர் இந்த முடிவுக்கு வந்தார். தமக்குப் பழகாத மொழியில் எழுதியவர்கள் அவர்கள். பிற்காலத்தில், தாம் சற்று அழுத்திச் சொல்லிவிட்டதாகக் கேப்லனே ஒப்புக்கொண்டார். படம் மட்டும் இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது.

சுருள் என்றதும் எனக்கு ஒரு மனு ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த பிரிவுக்கு வந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாள், குடும்ப ஓய்வூதியம் கேட்டு யாரையோ வைத்துத் தமிழில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கணவர் வேலைக்குச் சேர்ந்தது, மாமியார் படுக்கையில் கிடந்தது, மகள் பிறந்தது, புயலில் வீட்டுக்கூரை போனது, எல்லாம் அதில் இருந்தது. ஓய்வூதியம் என்ற வார்த்தை கடைசி வரியில்தான் வந்தது. 'மனுவின் நோக்கம் தெளிவாக இல்லை, திருப்பி அனுப்புக' என்று ஒரு வரி எழுதிக் கீழே இறக்கினார் அதிகாரி. 'இந்த ஜனங்களுக்கு விஷயத்துக்கு வரவே தெரியாது' என்று வாய்மொழியாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

உண்மையில் அந்தக் கோப்பு நின்றது வேறு காரணத்தால். சர்வீஸ் புக்கில் சில மாதங்களுக்குப் பதிவு இல்லை. அந்த இடைவெளியை நிரப்பாமல் ஓய்வூதியத்தைக் கணக்கிட முடியாது. எங்கள் பிரிவில் இருந்த மூத்த யு.டி.சி. ஒருவர் மனுவை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த அம்மா புயலைச் சொல்லியிருக்காங்க பாரு. அப்ப அவரு காரைக்கால்ல டூட்டியாம். அது 77 நவம்பர் புயல். காரைக்காலுக்கு எழுதி அந்த மாச சம்பளப் பட்டியலைக் கேளு."

எழுதினோம். பட்டியல் கிடைத்தது. பெயர் இருந்தது. முன்னும் பின்னுமாக மற்ற மாதங்களும் கிடைத்தன. சில மாதங்களில் அந்த அம்மாளுக்கு ஓய்வூதியம் அனுமதியாகிவிட்டது. கதை என்று தள்ளப்பட்ட இடத்தில்தான் ஆதாரம் இருந்தது. தேதி தெரியாதவர் தேதியைச் சொல்லும் முறை அது: மகள் பிறந்த வருஷம், புயல் அடித்த மாசம். திருப்பி அனுப்பியிருந்தால் அவர் இன்னொருவரிடம் காசு கொடுத்து, ஒரே பக்கத்தில் நேர்கோடாக எழுதி வாங்கி வந்திருப்பார். அதில் புயல் இருந்திருக்காது.

ஹாலும் ஹோஃப்ஸ்டெடும்

இப்போது பிள்ளைகளின் வகுப்புக்கு வருவோம். அதன் தந்தை என்று எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்கரைச் சொல்லலாம். 1930-களில் நவஹோ, ஹோப்பி பழங்குடியினர் பகுதிகளில் வேலை பார்த்தவர். 1950-களின் முற்பகுதியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையத்தில், வெளிநாடு போகும் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார். அவர்களுக்கு வேண்டியது தத்துவம் அன்று, நாளைக் காலை விமானம் ஏறினால் உதவும் விஷயம். அந்த அவசரம் அவர் எழுத்தில் தெரியும். 1959-இல் 'மௌன மொழி' என்ற பொருளில் முதல் நூல். 1966-இல் மனிதருக்கு மனிதர் விடும் இடைவெளி பற்றி: நெருங்கியவர்களுக்கு 18 அங்குலம், பழகியவர்களுக்கு 4 அடி வரை, அலுவல் பேச்சுக்கு 12 அடி வரை. இந்த அளவுகள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்து எடுத்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் டவுன் பஸ்ஸில் ஏறியிருந்தால் வேறு அட்டவணை போட்டிருப்பார்.

1976-இல் அவர் சொன்னதுதான் இன்று எல்லா வகுப்பிலும் வருகிறது. சில சமூகங்களில் செய்தி முழுவதும் வார்த்தையிலேயே இருக்கும். சிலவற்றில் பாதி வார்த்தையில், மீதி சூழ்நிலையில். ஜெர்மானியரை ஒரு கோடியிலும் ஜப்பானியரை மறு கோடியிலும் வைத்தார். இது உபயோகமான பார்வைதான். நாம் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்கிறோம். ஆனால் பிரெஞ்சுக்காரரின் 'ஓ ருவுவார்' மட்டும் என்ன? மறுபடி பார்க்கும் வரை என்றுதான் அர்த்தம். அலுவலகக் கடிதத்தின் முடிவில், தம் மேன்மையான உணர்வுகளை ஏற்றுக்கொள்ளும்படி முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரியை இரண்டு வரிக்குக் கேட்டுக்கொள்வதும் அவர்களே. கோட்டின் இந்த முனை, அந்த முனை என்று ஒரு நாட்டை நிறுத்தி வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

அடுத்து வந்தவர் ஹோஃப்ஸ்டெட், ஹாலந்துக்காரர், எஞ்சினியர் படிப்பு. ஐ.பி.எம். கம்பெனியில் 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைக் கணக்குப் போட்டு, 1980-இல் புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் மார்க். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை ஏற்றுக்கொள்வதில் இந்தியாவுக்கு 77, பிரான்சுக்கு 68, அமெரிக்காவுக்கு 40. தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48.

எண் என்றாலே மனிதருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவில் ஐ.பி.எம். வேலையில் இருந்தவர்கள் யார்? நகரத்தில், ஆங்கிலம் படித்த கொஞ்சம் பேர். 1978-இல் கம்பெனியே இங்கிருந்து கிளம்பிவிட்டது. அவர்கள் போட்ட டிக், புயலைச் சொல்லி மனு எழுதிய அம்மாளுக்கும் சேருமா? 2002-இல் மெக்ஸ்வீனி என்பவர் இதே கேள்வியைக் கேட்டார்: ஒரே கம்பெனியின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தை எப்படி அளப்பது? ஹோஃப்ஸ்டெடும் ஓர் எச்சரிக்கை விடுத்திருக்கிறார். இது நாட்டின் சராசரியே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் குணம் அன்று என்று. வகுப்பில் அட்டவணையைக் காட்டுகிறவர்கள் அந்த எச்சரிக்கையையும் காட்டினால் நல்லது.

எண் இல்லாமல் இன்னொரு வழி

பிரெஞ்சில் நான் விரும்பிப் படித்தது ஃபிலிப் திரிபார்ன் 1989-இல் எழுதிய 'கௌரவத்தின் தர்க்கம்'. அவர் வினாத்தாள் கொடுக்கவில்லை. பிரான்ஸ், அமெரிக்கா, ஹாலந்து மூன்றிலும் ஒரே மாதிரி அமைந்த தொழிற்சாலைகளுக்குப் போய், வேலை செய்பவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். அமெரிக்காவில் மேலாளர், தொழிலாளி உறவு ஒப்பந்தம் மாதிரி: என்ன எதிர்பார்க்கிறாய் என்று சொல், செய்தேனா என்று நியாயமாக அளந்து பார். ஹாலந்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பிரான்சில் 'என் தொழில், என் கௌரவம்'. மேலாளர் கட்டளை இடாமலே தன் கடமை இது என்று செய்வார். அடிக்கடி வந்து சரிபார்த்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார். என் பிரெஞ்சு ஆசிரியர்களை நினைத்தேன், புரிந்தது.

இந்தக் 'கௌரவம்' என்ற கருத்துக்கு அவர் 1748-இல் மோந்தெஸ்கியே எழுதிய சட்டங்கள் பற்றிய நூல் வரை போகிறார். வேடிக்கை என்னவென்றால், வெப்ப நாட்டு மக்கள் சோம்பேறிகள், இந்தியருக்கு இயல்பாகவே தைரியம் கிடையாது என்று எழுதியதும் அதே மோந்தெஸ்கியே, அதே புத்தகத்தில். தம் நாட்டைப் பற்றி எழுதும்போது அவருக்கு இருந்த நிதானம், வராத நாட்டைப் பற்றி எழுதும்போது இல்லை.

அதே 1989-இல், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற ஏ.கே. ராமானுஜன், இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். அவர் தந்தை கணித அறிஞர். வானவியலும் தெரியும், ஜோதிடமும் பார்ப்பார். இது முரண்பாடு இல்லையா என்று இளம் வயதில் மகன் குழம்பியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் தந்த விளக்கம்: சில பண்பாடுகள் இடம், காலம், ஆள் எதுவானாலும் ஒரே விதி என்பதை லட்சியமாகக் கொள்கின்றன. நம்முடையது சூழலுக்கு ஏற்ற விதியைத் தேடுவது. நிலமும் பொழுதும் மாறினால் உணர்ச்சியும் மாறும் என்கிற நம் திணைக் கோட்பாட்டையும் அவர் உதாரணம் காட்டினார். இந்த வரிசையில், தன்னைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும் தானே எழுதியவர் இவர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் அடுத்தவரைப் பற்றி எழுதினார்கள்.

இத்தனையும் படித்த பிறகு, பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புது ஊருக்குப் போகிறவருக்கு ஒரு வரைபடம் வேண்டும். 'யோசிக்கிறேன்' என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனஸ்தாபம் குறையும். ஆனால் பட்டியலை எடுத்துக்கொள்ளும்முன் பிள்ளைகள் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதியவர் அந்த மக்களோடு இருந்தவரா? யாரிடம் கேட்டு எழுதினார்? அவர்கள் சொன்ன காரணத்தை எழுதினாரா, தாம் யூகித்த காரணத்தையா? 'இந்தியர் முடியாது என்று சொல்லமாட்டார்' என்பதோடு நிறுத்தினால், அது பொய் பேசுகிறவர் என்று ஆகிவிடும். கேட்டவர் முகம் வாடக்கூடாது என்று நினைப்பதையும், மறுத்தால் வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விளக்கம்.

சம்பள உயர்வும் பதவி உயர்வும் இன்று இந்தப் பட்டியல்களின் நிழலில்தான் முடிவாகின்றன. 'இவருக்குத் தெளிவாகப் பேச வராது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். எழுதுகிறவர்கள், அந்த யு.டி.சி. செய்த மாதிரி, நான்கு பக்கத்தையும் ஒரு முறை படித்துவிட்டு எழுதட்டும்.

காரைக்கால் பழைய கோப்புகளைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. வேறொரு சமயம் எழுதுகிறேன்.